நின்றதும் நிறுத்தியதும்

முப்பத்தொரு வயதில் பணி ஓய்வு பெற்றவள் என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் என் விஷயத்தில் வேறு சொல் கிடைக்கவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன், அதில் ஏழு வருடம் மொழிபெயர்ப்பாளராக. போன வருடம் ஒவ்வொரு லைனுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி வந்தது. தமிழில் பேசினால் ஜப்பானியத்தில் பேசும், ஜப்பானியத்தில் பேசினால் தமிழில் பேசும். மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியையே எடுத்துவிட்டார்கள். கடைசி நாளில் டீ, மிக்சர், ஒரு கைப்பை.

காஞ்சிபுரத்தில் நான் படித்த அதே ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிய வகுப்பில் இப்போது படிக்கும் இரண்டு பெண்கள் என்னைத் தேடி உத்திரமேரூர் வந்தார்கள். "அக்கா, இந்த கா, ஓ, நி எல்லாம் இன்னும் உருப்போடணுமா? அதான் மெஷினே பேசிடுதே" என்று கேட்டார்கள். எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு நாள்தான் நினைவுக்கு வருகிறது. அதை எழுதுகிறேன். அந்த நாளை எழுத இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துத் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு ஒரு ஜப்பானிய வார்த்தையும் தெரியாது. இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்துப் போய்ப் படித்தேன். நமக்கு அந்த மொழி முதலில் ரொம்ப எளிதாகத் தெரியும். வினைச்சொல் கடைசியில்தான் வரும். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நம் வேற்றுமை உருபு போல ஒரு சிறு ஒட்டு. 'ஓ' என்றால் நம் 'ஐ'. 'நி' என்றால் பெரும்பாலும் 'க்கு'. 'கா' வந்தால் அந்தச் சொல்தான் எழுவாய். இங்கிலீஷ் படித்தபோது தலைகீழாக நின்ற வாக்கியம் இங்கே காலூன்றி நின்றது.

என் நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தேன். இடப்பக்கம் 'தானாக', வலப்பக்கம் 'நானாக'. உடைந்தது, உடைத்தேன். திறந்துகொண்டது, திறந்தேன். நின்றது, நிறுத்தினேன். இப்படி ஜோடி ஜோடியாக ஜப்பானியத்திலும் உண்டு. நிற்பது தொமாரு, நிறுத்துவது தொமேரு. கிகாய் என்றால் இயந்திரம். 'கிகாய் கா தொமாரிமஷ்தா' என்றால் இயந்திரம் நின்றது. 'கிகாய் ஓ தொமேமஷ்தா' என்றால் இயந்திரத்தை நிறுத்தினேன். நாற்பத்திரண்டு ஜோடி எழுதி வைத்திருந்தேன். எல்லாம் மனப்பாடம்.

தொழிற்சாலையில் முதல் ஷிப்டு தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் இயந்திரத்தைக் காட்டிக்கொண்டே சொல்ல வேண்டும்.

"இஜோ கா அத்தரா, கிகாய் ஓ தொமேதே, ஹிதோ ஓ யொந்தே, மச்சிமாஸ்."

ஏதாவது கோளாறு இருந்தால், இயந்திரத்தை நிறுத்தி, ஆளைக் கூப்பிட்டு, காத்திருப்பேன். நான் வேலையில் கற்ற இலக்கணம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. ஒரு 'கா', இரண்டு 'ஓ', நான்கு வினைச்சொல். ஞாயிற்றுக்கிழமை படித்ததைத் திங்கட்கிழமை நாற்பது பேர் சேர்ந்து கத்துவார்கள். அர்த்தம் தெரிந்து கத்துகிறார்களா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சாலவாக்கத்துப் பையன் தனசேகர் எங்கள் லைன் ஃபிட்டர். மச்சிமாஸ் என்ற சொல் வரும்போது மட்டும் அவன் குரல் தனியாக ஏறும்.

"அக்கா, ஜப்பான்காரனே நம்மள மச்சின்றான் பாரு. மச்சி, மாஸு!"

"காலங்காத்தால பேஜார் பண்ணாத. கைய நேரா நீட்டு, ஓ நோ பாக்கறாரு" என்பார் செல்வி அக்கா. அவர் மூன்றாவது இயந்திரத்தின் ஆபரேட்டர். மானாம்பதிக்காரர், நாற்பது வயதிருக்கும். நானும் அவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருவோம். நிரந்தரப் பணியாளர் அல்ல, ஒப்பந்தத்தில் இருந்தார்.

ஓ நோ என்றது எங்கள் உற்பத்தி மேலாளர் ஓனோ-சானை. சான் என்பது ஆண், பெண் யார் பெயருக்கும் பின்னால் அவர்கள் சேர்க்கும் மரியாதை ஒட்டு. ஜப்பானியர். பெயரே அப்படி இருந்ததால் லைனில் யாருக்கும் பட்டப்பெயர் வைக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கத்துகிற அதிகாரியிடம் ஒரு வசதி இருக்கிறது, கத்தி முடித்துவிடுவார். ஓனோ-சான் கேள்வி கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, பேனாவைத் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். பதில் முழுதாக வரும் வரை பேனா இறங்காது. யார், எதை, எப்போது. இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பேனா அப்படியே நிற்கும். ஒருமுறை "பெட்டி விழுந்துவிட்டது" என்று மொழிபெயர்த்தேன். பேனா இறங்கவில்லை. அரை நிமிடம் இருக்கும், எனக்கு அரை நாள் போலிருந்தது. பிறகு நானே திருத்தி, "இவர் பெட்டியைத் தவறவிட்டார்" என்றேன். எழுதிக்கொண்டு போனார். அந்த மௌனம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே பதிலை அவசரமாக முழுமைப்படுத்தும் பழக்கம் எனக்கு வந்தது. இந்தப் பழக்கம்தான் பின்னால் கெடுத்தது.

இனி அந்த நாள்.

மூன்றாவது இயந்திரம் பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும். வார்த்ததை ஒரு ரோபோ கை எடுத்து, பின்பக்கச் சரிவில் போடும். அன்று பதினொரு மணிக்கு ஒரு பாகம் சரிவில் குறுக்கே சிக்கிக்கொண்டது. அப்படிச் சிக்கினால் சென்சார் பார்த்துவிடும், ரோபோ கை பாதியில் நிற்கும், மஞ்சள் விளக்கு எரியும். சிக்கியது விலகினால் கை தானாகவே மறுபடி இயங்கும். பின்பக்கக் கதவைத் திறந்தால் எல்லாம் அணைந்துவிட வேண்டும் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அது இரண்டு நாளாகப் பழுது. மாற்று சுவிட்ச் வரும்வரை, ஆபரேட்டர் முன்பக்கப் பலகையில் நிறுத்திய பிறகே பின்னால் யாரும் கை விடலாம் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

செல்வி அக்கா அழைப்பு பட்டனை அழுத்தினார். தனசேகர் பின்பக்கம் போனான். ஓனோ-சானும் அவனோடு போனார். முன்னாலிருந்து பார்த்தால் பின்னால் நிற்பவர் தெரியாது, பின்னாலிருந்து பலகை தெரியாது. இரண்டு பேச்சும் கேட்கும்படி பக்கவாட்டில் நான் நின்றேன். பன்னிரண்டு எட்டு நடந்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடலாம். யாரும் நடக்கவில்லை. அதற்குத்தானே நான் இருந்தேன்.

ஓனோ-சான் கேட்டார்: "கிகாய் ஓ தொமேமஷ்தா கா?"

இயந்திரத்தை நிறுத்திவிட்டீர்களா? கடைசியில் வரும் அந்தக் 'கா' வேறு, அது நம் கேள்வி 'ஆ'.

நான் செல்வி அக்கா பக்கம் திரும்பிக் கத்தினேன்: "அக்கா, மெஷின் நின்னுடுச்சா?"

"நின்னுக்கினு கீது பாப்பா!"

நான் இந்தப் பக்கம் திரும்பினேன்: "ஹாய், தொமேமஷ்தா!"

ஆமாம், நிறுத்தியாயிற்று.

நாற்பத்திரண்டு ஜோடி மனப்பாடம் செய்தவள் நான். ஆனால் ஜப்பானியத்தில் தவறவில்லை. தவறியது தமிழில். நம் வீட்டில் யாரும் 'மோட்டாரை நிறுத்திவிட்டாயா' என்று கேட்பதில்லை. 'மோட்டார் நின்னுச்சா' என்றுதான் கேட்போம். யார் நிறுத்தினார்கள் என்பது நமக்கு முக்கியமில்லை, நின்றால் போதும். அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். கிடைத்த பதிலில் நிறுத்திய ஆள் இல்லை. பேனா காத்திருக்குமே என்று ஆளை நானே சேர்த்துக்கொண்டேன்.

ஓனோ-சான் விரலை நீட்டி "யோஷி" என்றார். சரி என்று அர்த்தம். தனசேகர் இடது கையை உள்ளே விட்டுச் சிக்கியிருந்ததை இழுத்தான். அது விலகியது. ரோபோ கை இறங்கியது.

அவன் அலறியதாக எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது கேட்டதாக நினைவில்லை. ஓனோ-சான் முதல்முறையாகக் கத்தியது நினைவிருக்கிறது. தொமேரோ, தொமேரோ என்றார். நிறுத்து. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. செல்வி அக்கா அதற்குள் சிவப்பு பட்டனை அடித்திருந்தார்.

தனசேகரைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டு போனார்கள். புறங்கை எலும்புகள் நொறுங்கியிருந்தன. விரல்கள் தங்குமா என்று அன்று யாருக்கும் தெரியாது.

இரண்டு மணிக்கு விசாரணை. அறையில் நான்கு பேர். ஓனோ-சான், சூப்பர்வைசர் குமரேசன் சார், செல்வி அக்கா, நான். மேசை மேல் விபத்து அறிக்கைத் தாள். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

குமரேசன் சார்தான் ஆரம்பித்தார். "செல்வி, நிறுத்திட்டன்னு நீ சொல்லித்தான் அவன் கைய வுட்டான். இன்னா சொல்ற?"

"நான் எங்க சார் நிறுத்திட்டன்னு சொன்னேன்? நின்னுக்கினு கீதுன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"எப்படி சார் ஒண்ணாவும்? அது தானா நின்னுது. நின்னுக்கினு கீற மிசின நான் இன்னாத்த நிறுத்தறது? நிறுத்து அக்கான்னு யாராவது சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். பாப்பா கேட்டிச்சு, நின்னுடுச்சான்னு. நின்னுச்சு, சொன்னேன்."

பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. ஓனோ-சான் என் கையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியவை நன்றாக நினைவிருக்கின்றன. ஓனோ-சானுக்குத் தமிழ் தெரியாது. குமரேசன் சாருக்கு நான் காலையில் ஜப்பானியத்தில் என்ன சொன்னேன் என்று தெரியாது. செல்வி அக்காவுக்கும் தெரியாது. மூன்று பேருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது என் ஒருத்தியின் வாயில் இருக்கிறது. செல்வி அக்கா சொன்னதை அப்படியே சொன்னால் அடுத்த கேள்வி என்னை நோக்கித்தான் வரும். ஒருத்தன் கை போனதற்குக் காரணம் என்று என் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறும்.

சொன்னேன். "தொமேமஷ்தா தோ ஈமஷ்தா."

'நிறுத்தியாயிற்று என்று சொன்னார்.' ஜப்பானியத்தில் எழுவாயை விட்டுவிடலாம், இலக்கணம் இடம் கொடுக்கும். யார் நிறுத்தியது என்றும் நான் சொல்லவில்லை, யார் சொன்னது என்றும் சொல்லவில்லை. கேட்பவர் தானாக நிரப்பிக்கொள்வார். ஓனோ-சான் நிரப்பிக்கொண்டார். பேனா இறங்கியது.

அறிக்கை முடியும்வரை செல்வி அக்கா வேலைக்கு வர வேண்டாம் என்று முடிவாயிற்று. அறிக்கை முடிந்தபின் ஒப்பந்தத்தில் இருப்பவரைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று மணி பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாலாஜாபாத் தாண்டியதும் கைப்பையிலிருந்து மத்தியானம் சாப்பிடாத எலுமிச்சைச் சாதத்தை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"நல்ல வேள, அவரு கத்தல. கத்தியிருந்தா நான் அங்கியே அழுதிருப்பேன்."

"உம்."

"நான் சொன்னத அப்படியே சொன்ன இல்ல பாப்பா?"

"சொன்னேன் அக்கா."

"எல்லாம்?"

"எல்லாம்."

மானாம்பதிப் பிரிவில் இறங்கும்போது தோளைத் தொட்டுவிட்டு இறங்கினார். உத்திரமேரூர் வந்தும் நான் உட்கார்ந்தே இருந்தேன். டிரைவர், "இன்னாம்மா, ரிட்டர்ன் வரியா?" என்று கேட்டபிறகுதான் இறங்கினேன்.

எது என்னை மாற்றியது என்று கேட்டால் சுத்தமான பதில் என்னிடம் இல்லை. தனசேகருக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, கட்டு போட்டு மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அன்று ராத்திரி செய்தி வந்தது. அவன் என்னிடம் நேராகக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். பொய்யை இன்னும் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று எண்ணினேன். கணக்கில் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரிடம் ஒரே மாதிரிச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. நல்லெண்ணத்தைவிட இந்தக் கணக்குத்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை வாக்கியம் சொல்லி முடிந்ததும் ஓனோ-சானின் மேசைக்குப் போனேன். ராத்திரி எழுதி வைத்திருந்ததைப் பார்க்காமல் சொன்னேன்.

"செல்வி-சான் 'நின்றுகொண்டிருக்கிறது' என்றார். 'நிறுத்தியாயிற்று' என்று சொன்னவள் நான்."

நோட்டை எடுத்தார். பேனா நின்றது. ஆனால் என்னைக் கேட்ட கேள்வி நான் எதிர்பாராதது. செல்வி-சான் சொன்ன சொல்லைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார்.

"நின்னுக்கினு கீது."

"நின்னு கினு கீது" என்று வாயில் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு துண்டுக்கும் அர்த்தம் கேட்டார். நின்னு, நின்று. கினு, கொண்டு. கீது, இருக்கிறது. மூன்றையும் எழுதினார். கீழே 'தொமாத்தே இரு' என்று எழுதினார். தொமாத்தே என்றால் நின்றுகொண்டு, இரு என்றால் இருக்கிறது. துண்டுக்குத் துண்டு பொருந்தியது. எந்தச் சிரமமும் இல்லாமல் மொழிபெயர்த்திருக்கக்கூடிய வாக்கியம் அது.

"நேற்று ஏன் சொல்லவில்லை?"

"பயமாக இருந்தது."

ஓனோ-சான் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் முதலில் தன் பெயரை எழுதினார். பலகையை நேரில் போய்ப் பார்க்காமல் குரலை நம்பியது. அடுத்து என் பெயர், தவறான மொழிபெயர்ப்பு. மூன்றாவது பழுதான சுவிட்ச். நான்காவதாக ஒரே ஒரு சொல் எழுதினார். பயம். விபத்து அறிக்கையில் அந்தச் சொல்லை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

செல்வி-சானைக் கூப்பிடுங்கள் என்றார். மறு உத்தரவு வரும்வரை நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம் என்றார். நான்கு மாதம் லைனில் நின்று பாகங்களை எண்ணி அடுக்கினேன்.

திரும்ப மொழிபெயர்ப்புக்கு வந்தபின் நான் ஒருபோதும் 'நின்னுடுச்சா' என்று கேட்கவில்லை. "நீங்க நிறுத்துனீங்களா? எந்த பட்டன்? காட்டுங்க" என்பேன். பன்னிரண்டு எட்டையும் நடந்து போய்ப் பார்ப்பேன். லைனில் என்னை வக்கீலம்மா என்று கிண்டல் செய்தார்கள். தனசேகருக்கு இன்று நான்கு விரல் மடங்கும், சுண்டுவிரல் மடங்காது. ஸ்டோரில் வேலை பார்க்கிறான்.

ஆனால் ஓனோ-சானிடம் சொன்ன அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. அன்று மூன்று மணி பஸ்ஸில் மானாம்பதிப் பிரிவில் இறங்கி, விசாரித்துக்கொண்டு செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவருடைய யூனிஃபார்மும் கொடியில் இருந்தது.

"அக்கா, உங்கள நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"வா, உள்ள வா."

"இருங்க. நேத்து நீங்க சொன்னத நான் அப்படியே சொல்லல."

கொடியிலிருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நான் எம்மாம் நேரம் பேசினேன், நீ ஒரு வரியில முடிச்சிட்ட. எனக்கு ஜப்பான் தெரியாது, நீளம் தெரியாதா?"

"பஸ்ஸுலயே கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டேனே. ரெண்டு தடவ கேட்டேன். சொன்னேன்னுட்ட." ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். "இன்னிக்கி ஒரு நாள் பாக்கலாம்னு இருந்தேன். நாளைக்கி உன் வூட்டாண்ட வந்திருப்பேன். உங்கப்பா முன்னாடி வெச்சிக் கேட்டிருப்பேன்."

அவர் குரல் ஏறவில்லை.

"தனசேகர் கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. இன்னிக்கித்தான் வூட்டுக்கு அனுப்பியிருக்காங்களாம். அங்கதான் போவணும்."

"சாலவாக்கத்துக்கா? தனியாவா?" வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். "நில்லு, நானும் வரேன். தனியா போனா நீ பாதிதான் சொல்லுவ."